98 கிலோவில் முதல் ட்ரையத்லன்: ஹட்டன் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

கேட்டவர் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. வயது 36, உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எடை 98 கிலோ, இரண்டு பிள்ளைகள். நீந்தத் தெரியாது, சைக்கிளும் ஓட்டியதில்லை. அடுத்த வருடம், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ஒரு ட்ரையத்லன் போட்டியை முடிக்க வேண்டும் என்று ஆசை. "முதலில் 25 கிலோ குறைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா, அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

வேண்டாம், தங்கச்சி. இந்த உடம்போடேயே தொடங்குங்கள். நான் பதினேழு வருடமாகப் பிசியோதெரபிஸ்ட். என் முதல் ட்ரையத்லனை 91 கிலோவில் முடித்தேன். "கொஞ்சம் மெலிஞ்ச பிறகு வாறேன் மிஸ்" என்று சொல்லிப் போனவர்களில் திரும்பி வந்தவர்கள் மிகக் குறைவு. எடை நாம் சொன்னவுடன் இறங்குகிற சாமான் இல்லை. மூச்சும் தசையும் அப்படியல்ல, பழகப் பழக வரும். தராசு முள் அசையாத மாதங்களில்கூட பிரஷரும் சீனியும் இறங்குவதைக் கிளினிக் அட்டைகளில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதுவுமில்லாமல், உங்கள் முன்னால் இருக்கிற பெரிய வேலை நீந்தப் பழகுவது. அதற்கு நாட்கள் வேண்டும். மெலியும்வரை காத்திருந்தால் அந்த நாட்களும் சேர்ந்து போய்விடும்.

தூரத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ட்ரையத்லன் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிப்பது. இடையில் சப்பாத்து மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 2018 பெப்ரவரியில் கொழும்பில் நடந்த அயன்மேன் 70.3 என்ற ட்ரையத்லன் போட்டியின் படங்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அது 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம். இப்போதைக்கு அதை ஓரமாக வையுங்கள். ஸ்பிரின்ட் என்பது 750 மீற்றர், 20 கிலோமீற்றர், 5 கிலோமீற்றர். அதிலும் சின்னது சூப்பர் ஸ்பிரின்ட்: ஏறக்குறைய 400 மீற்றர், 10 கிலோமீற்றர், இரண்டரை கிலோமீற்றர். உங்கள் முதல் போட்டி அதுதான். 25 மீற்றர் தடாகத்தில் 400 மீற்றர் என்றால் 16 தரம். நூறு மீற்றருக்கு மூன்றரை நிமிடம் எடுத்தாலும் 14 நிமிடத்தில் முடிந்துவிடும். எட்டு மாதம் இருந்தால் போதும்.

தொடங்குமுன் வைத்தியசாலைக்கு ஒரு தரம் போய் வாருங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்க்கிறார்கள். ஒரு ஈசிஜியும் ஹீமோகுளோபினும் சேர்த்துக் கேளுங்கள். சீனிக்குக் குளிசையோ ஊசியோ பாவிப்பவராக இருந்தால், பயிற்சி தொடங்கப்போவதை டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகளோடு உடம்பை வருத்தினால் சீனி திடீரென்று கீழே இறங்கும். பையில் எப்போதும் நாலு டொபி இருக்கட்டும். படியேறும்போது நெஞ்சு இறுகினால், அந்த வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், அதை "எடையால வருது" என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடத்திலேயே உட்கார்ந்து 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.

ஹீமோகுளோபினைப் பற்றி ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், மலையகத்துப் பெண்களுக்கு இரத்தம் குறைவது சாதாரணமாகிவிட்டது. இரத்தம் குறைந்த உடம்புக்கு என்ன பயிற்சி கொடுத்தாலும் மூச்சு வாங்கும். அந்தப் பழியை நாம் எடையின் தலையில் போட்டுவிடுவோம். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு ஒரு கப் சாயத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள துவர்ப்புச் சத்து, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாமல் தடுக்கும். தேத்தண்ணியை விடச் சொல்லமாட்டேன். நேரத்தை மட்டும் மாற்றுங்கள், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கீரைச்சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். பயிற்சி செய்கிற நாளில் பட்டினி கிடக்காதீர்கள். ரொட்டியை ஒன்று குறைத்து, பருப்பு, முட்டை, நெத்தலி, அவித்த கடலை இவற்றைக் கூட்டினால் தசை நிற்கும். சாப்பாட்டில் இதற்கு மேல் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இனி தண்ணீர்.

ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் பாக்கு நீரிணையை நீந்திப் போய்த் திரும்பினார். வல்வெட்டித்துறைக்காரருக்குக் கடல் வீட்டு வாசலில் இருந்தது. நமக்கோ தண்ணீர் என்றாலே "அங்கிட்டுப் போகாதே" என்று அம்மா கத்திய இடம்தான். ஆறு இழுக்கும், அருவி வழுக்கும், நீர்த்தேக்கம் ஆளை விழுங்கும். அந்தப் பயம் நியாயமானது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் நீந்திப் பழகலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். தண்ணீர் வற்றும்போது மவுசாகலையில் பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அடியில் சுவர், மரக்கட்டை, சேறு. கரை சட்டென்று இறங்கும், தண்ணீரோ குளிர். நல்ல நீச்சல்காரர்களும் அங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். நுவரெலியாவின் கிரகரி வாவி படகு விடுவதற்கு. கரையோரப் பாதையில் நடந்து ஓடிப் பழகுங்கள், அதோடு சரி.

பழக வேண்டியது தடாகத்தில், சொல்லித்தர ஒருவரை வைத்துக்கொண்டு. சில ஹோட்டல்கள் பகல் கட்டணத்துக்குத் தடாகத்தை விடுகின்றன. கிழமை நாட்களில் கூட்டம் இருக்காது. மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து கேட்டால் ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தரவும் கூடும். நான் பழகப் போன இடத்தில் தடாகத்துப் பொறுப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது குளிக்கிற இடம் இல்ல மிஸ், நீந்தத் தெரிஞ்சவங்களுக்கு" என்றார். அன்று அழுதுகொண்டு பஸ் ஏறினேன். அடுத்த கிழமை வேறு இடம் பார்த்தேன். உங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்க்கலாம். இடத்தை மாற்றுங்கள், எண்ணத்தை மாற்ற வேண்டாம்.

ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். கொழுப்பு தண்ணீரைவிட இலேசு. ஒல்லியான ஆண்கள் நீந்தப் பழகும்போது கால் கீழே போய்க்கொண்டே இருக்கும், அதைத் தூக்கிப் பிடிக்கவே பாதிச் சக்தி செலவாகும். இடுப்பிலும் தொடையிலும் சதையுள்ள பெண்களுக்குக் கால் தானாகவே மேலே நிற்கும். குளிரும் சீக்கிரம் உறைக்காது. ஊரே குறை சொல்லும் இந்த உடம்பு, தண்ணீருக்குள் உங்களைத் தாங்கும். என்னிடம் வந்த பெண்களுக்கு இதை நான் வாயால் சொன்னபோது நம்பவில்லை. மல்லாந்து படுத்து, கழுத்துக்குக் கீழே இருந்து என் கையை எடுத்த பிறகுதான் நம்பினார்கள்.

பழகும் வரிசை இதுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று, முகத்தை அமிழ்த்தி, மூக்கால் குமிழி விட வேண்டும். முதல் கிழமை முழுவதும் இதுவே போதும். பயந்தவர்கள் மூச்சை உள்ளே அடக்கிக்கொள்வார்கள், அதனால்தான் திணறல் வருகிறது. ஊதிவிடப் பழகினால் பாதிப் பயம் போய்விடும். அடுத்தது மல்லாந்து மிதப்பது. ஐந்து நிமிடம் அசையாமல் மிதக்க முடிகிறவரை கை வீசக் கற்றுக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் கடலில் களைத்தால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த மிதப்புத்தான். பிறகு சுவரை உதைத்துச் சறுக்குவது, கால் அடிப்பது, கை. ட்ரையத்லனில் எந்த விதமாகவும் நீந்தலாம், மல்லாந்தும் போகலாம். களைத்தால் மிதவையையோ படகையோ பிடித்து நின்று மூச்சு வாங்கலாம், அதைப் பிடித்து இழுத்து முன்னால் போகத்தான் கூடாது. இந்த விதி தெரியாமல் எத்தனை பேர் ஆசையைக் கைவிட்டார்களோ. தவளை நீச்சல் சுலபமாகத் தெரியும், ஆனால் அந்த உதை முழங்காலின் உள்பக்கத்தை இழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நேராக உதைப்பதே நல்லது.

தடாகத்தில் 400 மீற்றர் வந்த பிறகு, போட்டிக்கு முன் மூன்று நான்கு தரமாவது கடலில் இறங்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கிழக்குக் கடல் அமைதி. பாசிக்குடா நீண்ட தூரம் ஆழமில்லாமல் இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கும் மேற்கும் அமைதி. உயிர்காப்பாளர் இருக்கிற நேரத்தில், தெரிந்த ஒருவரோடு, கரைக்குச் சமாந்தரமாக நீந்துங்கள். உப்புத்தண்ணீர் இன்னும் கூடுதலாகத் தூக்கும்.

உடுப்பைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லித்தருவதில்லை. பருத்திச் சுரிதாரோடு தண்ணீரில் இறங்காதீர்கள். அது தண்ணீர் குடித்துக் கனத்து ஆளைக் கீழே இழுக்கும். நான் முதல் நாள் அப்படி இறங்கி, துணி காலைச் சுற்றிக்கொண்டு பட்ட பாடு போதும். லைக்ரா துணியில் முழங்கால்வரை ஒரு கால்சட்டையும் கையுள்ள மேல்சட்டையும் போதும். கடையில் நம் அளவு கிடைக்காவிட்டால் துணி வாங்கி, இழுபடும் தையல் தெரிந்த ஆளிடம் கொடுத்துத் தையுங்கள். ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண் உங்கள் பக்கத்துத் தோட்டத்திலேயே இருப்பாள், அவளுக்கு அந்தத் தையல் கைவந்த கலை. போட்டியில் இதே உடுப்போடு நீந்தி, அதே ஈரத்தோடு சைக்கிள் ஏறி, அதோடேயே ஓடலாம். முழங்கையையும் முழங்காலையும் தாண்டிக் கீழே போகாத உடுப்பென்றால் பெரும்பாலும் தடுக்கமாட்டார்கள். மார்புக்கு நல்ல பிடிப்புள்ள விளையாட்டு பிரா வேண்டும். ஒன்று போதாவிட்டால் இரண்டைச் சேர்த்துப் போடுங்கள். தொடை, அக்குள், பிரா விளிம்பு இவற்றில் பயிற்சிக்கு முன்பே வஸ்லின் பூசுங்கள். உரசல் புண் வந்தால் ஒரு கிழமை பயிற்சி போய்விடும். தேங்காய் எண்ணெய் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது, வஸ்லின் நிற்கிறது.

இன்னொன்று. பிள்ளை பெற்றவர்களுக்கு ஓடும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசியலாம். வெட்கப்பட்டு இதை யாரும் கேட்பதில்லை. இடுப்படித் தசைகளுக்குப் பயிற்சி இருக்கிறது, நன்றாகக் குணமாகும். ஒரு பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள்.

சைக்கிள் விஷயத்திலும் நாம் பின்தங்கியவர்கள். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில்தான் போய் வருவார்கள். இங்கே வீட்டு வாசலைத் தாண்டினால் ஏற்றம், இல்லாவிட்டால் பள்ளம். ஆகவே 36 வயதில் பழகுவது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை. ஹட்டன் டன்பார் மைதானத்துக்கு ஒரு ஞாயிறு காலை போங்கள். பெடல் இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படும்படி இருக்கையை இறக்கி, காலால் உந்தி உந்தி உருளுங்கள். சமநிலை வந்த பிறகு பெடலைப் பூட்டலாம். பின்னால் ஆள் பிடித்துக்கொண்டு ஓடத் தேவையில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தச் சைக்கிள் எத்தனை கிலோ தாங்கும் என்பது. ஒவ்வொரு கொம்பனியும் ஓர் அளவு போட்டிருக்கும், கையேட்டில் பாருங்கள். பின்சில்லுக்கு 32 அல்லது 36 கம்பி இருக்க வேண்டும், குறைந்த கம்பியுள்ள சில்லு கனத்துக்கு உடையும். டயர் அகலமானதாக இருக்கட்டும், காற்றை ஒவ்வொரு தரமும் பார்க்க வேண்டும். பெரிய மெத்தை இருக்கை சுகம் என்று நினைப்போம், அது தொடையை உரசிப் புண்ணாக்கும். உட்காரும் எலும்புக்கு அளவான இருக்கையும், பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையும் எடுங்கள். அதற்குள் உள்ளாடை போடக்கூடாது. முதல் போட்டிக்குப் பந்தயச் சைக்கிள் தேவையில்லை. சாதாரண மலைச் சைக்கிளைச் சின்னப் போட்டிகளில் பெரும்பாலும் விடுவார்கள், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கைபிடியின் இரண்டு முனையும் அடைத்திருக்க வேண்டும்.

ஏற்றத்தில் உங்கள் மேல் நீங்களே கோபப்படாதீர்கள். கணக்கைப் பாருங்கள். 58 கிலோப் பெண்ணும் 14 கிலோச் சைக்கிளும் சேர்ந்து 72. நீங்களும் சைக்கிளும் 112. அதே ஏற்றத்தை அதே நேரத்தில் ஏற உங்களுக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் வலு வேண்டும். மெதுவாக ஏறினாலும் அந்த ஏற்றத்துக்கு நீங்கள் செய்யும் மொத்த வேலை அவளுடையதைவிடக் கூடுதல்தான். சின்ன கியரில், பேச முடிகிற மூச்சில் ஏறுங்கள். போட்டி கரையோரத்தில் சமதரையில் நடந்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஹட்டன் ஏற்றத்தில் பழகிய காலுக்கு அந்த 10 கிலோமீற்றர் சுகமாக இருக்கும்.

எனக்குப் பயம் இறக்கத்தில்தான். கனம் கூடினால் நிறுத்தும் தூரமும் கூடும். நீண்ட பள்ளத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டயர் வெடிக்கலாம். அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் அல்ல. நடுவில் நின்று ஆறவிடுங்கள். ஹட்டன் - நுவரெலியா ஏ7 வீதியில் பஸ்காரர் வளைவு பார்த்து வரமாட்டார், மூடுபனி இறங்கினால் அவருக்கு உங்களைத் தெரியவும் தெரியாது. அந்த நேரத்தில் தள்ளிக்கொண்டு வாருங்கள். தோட்டத்து ரோட்டில் பழகுவதானால் விடியும் முன் தனியாகப் போகாதீர்கள், சிறுத்தை நடமாடும் நேரம் அது. குளவிக்கூடு எங்கே இருக்கிறதென்று கொழுந்தெடுக்கும் அக்காமாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். அவர்களுக்குத் தெரியாமல் அந்த மலையில் எதுவுமில்லை. மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் மழை கொட்டும். அந்த மாதங்களைத் தடாகத்துக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி உட்காருவது, படியில் ஏறி இறங்குவது, குதிக்கால் உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது இவ்வளவும் போதும்.

ஓட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிச் செய்யுங்கள். எல்லோரும் ஏற்றத்தில் நடந்து பள்ளத்தில் ஓடுவார்கள். நீங்கள் ஏற்றத்தில் மெதுவாக ஓடி, பள்ளத்தில் நடங்கள். ஓடும்போது ஒவ்வொரு அடியும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கைத் தரையில் இறக்கும். பள்ளத்தில் அது இன்னும் கூடும், முன்தொடையும் முழங்காலும்தான் அதைத் தாங்க வேண்டும். ஏற்றத்தில் கால் உயரத்திலேயே தரையைத் தொடுவதால் அடி குறைவு. முதல் இரண்டு மாதம் நடை மட்டும். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. போட்டியிலும் நடக்கலாம், விதி தடுப்பது தவழ்வதை மட்டும்தான். கடைசி இரண்டு மாதம் கிழமைக்கு ஒரு நாள், சைக்கிளில் இருபது நிமிடம் போய்விட்டு இறங்கிய உடனே பத்து நிமிடம் நடந்து ஓடுங்கள். முதல் தரம் கால் வேறு யாருடையதோ போல இருக்கும். அதைப் போட்டியன்று முதன்முதலாக அனுபவிக்கக் கூடாது.

கிழமைக்கு இரண்டு நாள் தண்ணீர், இரண்டு நாள் நடை, ஒரு நாள் சைக்கிள், இரண்டு நாள் ஓய்வு. பிள்ளைக்குக் காய்ச்சல், பரீட்சைத் தாள் திருத்தல் என்று ஒரு கிழமை தவறினால் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டப் போகாதீர்கள்.

கடைசியாக வெப்பம். குளிரில் பழகிய உடம்போடு கரையோரத்துக்குப் போகப்போகிறீர்கள். பெரிய உடம்பு சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும், வெயிலுக்குப் பழகவே பத்துப் பதினாலு நாள் எடுக்கும். பள்ளிக்கூட விடுமுறையோடு சேர்த்துக் கீழ்நாட்டில் உறவுக்காரர் வீட்டில் ஒரு கிழமையாவது தங்கி, மெதுவாக நடந்து பழகிக்கொள்ளுங்கள். ஜீவனி என்ற உப்புக் கரைசல் தூளைப் பக்கெட்டில் போட்டிருக்கிற அளவுக்கே கரைத்துக் குடியுங்கள். வெறும் தண்ணீரையே லீற்றர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்து உப்பு குறைந்துவிடும். தலைசுற்றினாலோ வியர்வை நின்றுவிட்டாலோ அந்த இடத்திலேயே போட்டியை விட்டுவிடுங்கள்.

பெயர் கொடுக்கும்போது நடத்துபவர்களிடம் நாலு விஷயம் எழுதிக் கேளுங்கள். நீச்சலுக்கும் மொத்தத்துக்கும் எவ்வளவு நேர எல்லை, தண்ணீரில் எத்தனை காப்புப் படகு, மலைச் சைக்கிளை விடுவார்களா, டீசேர்ட் எந்த அளவுவரை அடிக்கிறார்கள். நான்காவதை வெட்கப்படாமல் கேளுங்கள். என் முதல் போட்டியில் தந்த டீசேர்ட் எனக்குத் தலைக்குள்ளேயே போகவில்லை, அந்தப் படத்தில் நான் மட்டும் என் பழைய மேல்சட்டையில் நிற்கிறேன். நீச்சலுக்கு முன்வரிசையில் நிற்காமல் பின்னால் ஓரமாக நில்லுங்கள், கூட்டம் போன பிறகு பத்து விநாடி கழித்து இறங்குங்கள். கரைக்கு வந்ததும் தலைக்கவசத்தைப் போட்டு, வாரைப் பூட்டிய பிறகே சைக்கிளில் கை வைக்க வேண்டும். சைக்கிளைத் திருப்பி மாட்டும்வரை அந்த வாரைக் கழற்றக் கூடாது. களைப்பில் எல்லோரும் மறப்பது அதைத்தான், அதற்குத் தண்டனை உண்டு. வீட்டு வாசலில் ஒரு சாரத்தை விரித்து, தலைக்கவசம், துவாய், சப்பாத்து எல்லாவற்றையும் அடுக்கி, பிள்ளைகளிடம் மணிக்கூட்டைக் கொடுத்து பத்துத் தரம் பழகிப் பாருங்கள்.

தடாகம் கிடைத்ததும் எழுதுங்கள். குமிழி விடும் கிழமையில் வருகிற சந்தேகங்களை அப்போது பார்ப்போம்.